பகல்காரன்

"அப்படி ஒரு சோம்பேறியை என் ஆயுசுல பார்த்ததில்லம்மா. நல்லா பதிவு பண்ணிக்கோ."

அந்தப் பொண்ணு போனை என் பக்கம் நகர்த்தி வெச்சா.

அடுத்த மாசம் இந்தக் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. அந்தக் காலத்துல நம்ம ஊர்லருந்து இந்தக் குளிர் நாட்டுக்குப் பிழைக்க வந்து இங்கே தங்கினவங்க கதையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடணும்னு பழைய ஆளுங்களைத் தேடிக்கிட்டிருந்தா. அவளுக்குக் கிடைச்சது ரெண்டே பேர். நானும், எங்களுக்குச் சமைச்சுப் போட்ட அண்ணனும்.

ரூமுக்குள்ள நுழைஞ்சதுமே என் கண்ணு என் பழைய மூலைக்குத்தான் போச்சு. நான் சட்டை மாட்டின ஆணி இன்னும் சுவத்துல இருக்கு!

"யார் சார் அந்தச் சோம்பேறி?"

"பகல்காரன். பேரெல்லாம் யாருக்கு ஞாபகம்? இங்கே ஆறு கட்டில், பன்னிரண்டு பேர். காலையில நான் பட்டறைக்குப் போனதும், ரொட்டிக்கடையில ராத்திரி வேலை பார்த்துட்டு அவன் வந்து என் கட்டில்ல படுப்பான். நான் சாயங்காலம் ஏழு மணிக்கு வர்றதுக்குள்ள கிளம்பிடணும். மூஞ்சியைப் பார்த்ததே ரெண்டு மூணு தடவைதான்."

"அப்புறம் எப்படி சோம்பேறின்னு சொல்றீங்க?"

"வெளியே பனி கொட்டும். ரூம்ல ஹீட்டர் கிடையாது. ஆனா நான் வந்து சாய்ஞ்சா கட்டில் கதகதன்னு இருக்கும்! கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்துப் போர்த்திட்டுக் கிடந்துட்டு ஓடியிருக்கான். அடுத்தவன் உடம்புச் சூட்டுல படுக்கறது அருவருப்பா இருக்காதா?"

பொண்ணு சிரிச்சா. எனக்கு உற்சாகம் வந்துடுச்சு.

"விடுவேனா? வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஆட்டம் ஆடிட்டேன். 'ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.' மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான். அடுத்து வந்தவன் தங்கமான ஆள். நேரத்தோட எழுந்திருப்பான். கட்டில் ஐஸ் மாதிரி இருக்கும். பல்லு கிடுகிடுன்னு அடிச்சாலும் மனசுக்கு நிம்மதி."

பொண்ணு சமையல்கார அண்ணன் பக்கம் திரும்பினா. ஜன்னலோரமா நின்னு கம்பியைத் தடவிக்கிட்டிருந்தார்.

"நீங்களும் ஏதாவது சொல்லுங்க ஐயா. அந்தக் குளிர்ல குளிக்கறதுக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"ஆளுக்கு ஒரு கெட்டில் வெந்நீர்மா. அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது." என் பக்கம் திரும்பினார். "பகல்காரன் சாயங்காலம் நாலு மணிக்கே எழுந்திருச்சிடுவான் தம்பி. அந்தப் பனியிலயும் பச்சைத் தண்ணியிலதான் குளிப்பான்."

"ஏன்? அவனுக்கும் ஒரு கெட்டில் உண்டே?"

அண்ணன் என் முகத்தைப் பார்க்கல.

"மெத்தையில தண்ணி படக் கூடாதுன்னு வீட்டுக்காரர் கண்டிப்பு. தெரிஞ்சா என்னையும் சேர்த்துத் துரத்தியிருப்பார். அதான் அன்னிக்கு பயந்துபோய் வாயை மூடிக்கிட்டேன்."

"என்ன அண்ணே சொல்றீங்க? புரியற மாதிரி சொல்லுங்க!"

"அவன் பங்கு வெந்நீரை ரெண்டு பாட்டில்ல ஊத்தி, துணியைச் சுத்தி, தினமும் உன் போர்வைக்குள்ள வெச்சுட்டுத்தான் கிளம்புவான். நீ படியேறுற சத்தம் கேட்டதும் எடுத்துடறது என் வேலை. 'புதுசா வந்த பையன், குளிர் பழகுற வரைக்கும் பாவம்'னு சொல்லுவான்."