பகல் தூக்கத்துக்கு ஒரு டென்ட்

"வூடு இருக்கிறவன் எதுக்குய்யா காட்டுல வந்து படுக்கணும்?" என்று மூன்றாம் நாள் காலையில் ஞானம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

செங்கல்பட்டு டவுனிலிருந்து நாலு கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் சாலையை ஒட்டின காட்டில் வனத்துறை போட்டிருக்கும் ஆறு டென்ட்டுகளுக்கும் அவள்தான் பொறுப்பு. சனி, ஞாயிறில் சென்னைக்காரர்கள் குழந்தை குட்டியோடு வந்து இறங்குவார்கள். வார நாளில் குரங்குகளைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்காது.

அப்படியொரு திங்கட்கிழமை காலையில்தான் பூபாலன் முதலில் வந்தான். முப்பது வயசு இருக்கும். மறைமலைநகர் கம்பெனி ஒன்றின் யூனிஃபார்ம், கையில் டிபன் பாக்ஸ். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் வந்து கேட் வாசலில் இறங்கினான். ஒரு டென்ட் எடுத்தான், ஜிப்பை இழுத்து மூடினான், சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து போனான். செவ்வாயும் அப்படியே. நோட்டில் அவன் எழுதியிருந்த விலாசமோ செங்கல்பட்டு டவுன். பஸ் அவன் தெருமுனையைத் தாண்டித்தான் இங்கே வரும்.

புதன்கிழமை வந்து, ஒரு மாசத்துக்கு டென்ட் கிடைக்குமா என்று கேட்டான். அப்போதுதான் ஞானம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நைட்டெல்லாம் மெஷின்ல நிக்கிறேன்க்கா. பகல்ல தூங்கணும், அவ்ளோதான்."

"வூட்ல தூங்கறதுக்கு இன்னா கேடு?"

அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டு டென்ட்டுக்குள் போய்விட்டான்.

ஞானம்மாளுக்கு இந்த நழுவல் பழக்கமானது. அவள் புருஷன் கண்ணாயிரமும் வீட்டில் புழுக்கம் என்று சொல்லித்தான் லாரி ஷெட்டில் போய்ப் படுத்தான். ஆறு மாசத்தில் இன்னொருத்தியோடு அச்சரப்பாக்கம் போய்ச் சேர்ந்தான். ஊருக்கே தெரிந்த விஷயத்தை அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இவன் பெண்டாட்டிக்காவது சொல்லியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

அவசரத்துக்கு என்று நோட்டில் வீட்டு நம்பரும் எழுதியிருந்தான். பத்து மணிக்குப் போன் போட்டாள்.

எடுத்தவள் பெயர் பிரிசில்லா. பின்னால் டிவி அலறியது. யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். அதற்கு மேலே அவள் தொண்டை கிழியக் கத்தினாள். புருஷன் காட்டில் கிடக்கிறான், இவள் வீட்டில் கச்சேரி நடத்துகிறாள் என்று ஞானம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் வூட்டுக்காரரு மூணு நாளா இங்க வந்து படுத்துகினு கீறாரு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்றாள் பிரிசில்லா. டிபன் கட்டிக் கொடுப்பதே நான்தான் என்றாள்.

சரியான ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டாள் ஞானம்மாள். "ஒரு பேர்ல மூணு நாளுக்கு மேல தங்கக்கூடாது. அது ரூலு. நாளையில இருந்து உள்ள வுடமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அரைமணி நேரத்தில் பிரிசில்லா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று ஞானம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். வந்தவளோ குழந்தையை இறக்கிவிட்டு, ஞானம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். லாட்ஜுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது, ஒரே ஒரு மாசம் என்று கெஞ்சினாள். ஞானம்மாள் அசைந்துகொடுக்கவில்லை. ரூல் என்றால் ரூல்தான்.

இதற்குள் குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்டது. உதடு மட்டும் அசைந்தது. ஞானம்மாள் குனிந்து காதைக் கொடுத்தாள். அப்போதும் வெறும் காற்றுதான் வந்தது.

"கொயந்தைக்குத் தொண்ட கட்டிகிச்சா?"

"இல்லக்கா" என்றாள் பிரிசில்லா. சொல்வதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்களுக்கு ஒரே ரூம். கல்யாணம் ஆனதுல இருந்து அவருக்கு நைட் ஷிஃப்ட். பகல்ல அவரு தூங்கணுமேன்னு டிவி போடமாட்டேன். பாத்திரம் வெக்கிற சத்தம் கூட வராது. இவ பொறந்ததுல இருந்து எல்லாமே குசுகுசுன்னுதான். பேசறதுன்னா அப்படித்தான்னு இவ நெனச்சிகினா. அடுத்த மாசம் ஸ்கூல்ல சேக்கணுமேன்னு டாக்டர்கிட்ட காட்டினோம். தொண்டையில ஒண்ணும் இல்லம்மா, வூட்ல யாராச்சும் சத்தமா பேசி இவ கேட்டிருக்காளான்னு கேட்டாரு. தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு எங்க வூட்டுக்காரருக்கு வெளிய சொல்ல வாய் வரல. மூணு நாளா நான் வூட்ல கத்திகினேதான் கீறேன்க்கா."

ஞானம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. காலையில் அந்த மனுஷனைக் கேட்ட கேள்வியை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

நோட்டை எடுத்து வந்தாள். புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அடுத்த மூணு நாளைக்கு டென்ட்டு உன் பேர்லதான். அப்பறம் உங்கம்மா பேர்ல. பேரு இன்னா, கண்ணு? மெதுவா சொன்னா எழுதமாட்டேன். உள்ள தூங்கினு கீறாரே உங்கப்பா, அவரு எழுந்து உட்கார்ற மாதிரி சொல்லு."