மாப்பிள்ளை வண்டி

“வேகமாப் போகும்போது திடீர்னு பிரேக்கை மிதிச்சா, வண்டி நேரா நிக்குமா, ஒரு பக்கமா இழுக்குமா?”

யஹ்யா இதைக் கேட்பது மூன்றாவது தடவை. சுஜின் முகத்துச் சிரிப்பை விடாமல், “நேராத்தான் சார் நிக்கும். இப்பத்தானே ரெண்டையும் நீங்களே ஓட்டிப் பாத்திய?” என்றான்.

வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய கார் விற்பனைக் கடையின் முற்றத்தில் இரண்டு ஜெர்மன் வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று கருநீலச் செடான். நின்றுகொண்டிருக்கும்போதே பாயப்போவது போல ஒரு தோரணை. மற்றது வெள்ளை எஸ்யூவி. ஆள் உயரம், ஆனால் ஓட்டத்தில் செடானுக்குச் சளைத்ததில்லை. இந்த மாதம் இரண்டில் ஒன்று போனாலே போதும், சுஜினுக்கு முதலாளியிடம் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

வந்திருந்தவர்கள் மூன்று பேர். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அசன் மைதீன், அவர் மகள் ஸமீஹா, அவளுக்கு நிச்சயம் ஆகியிருக்கும் யஹ்யா. மாப்பிள்ளைக்குத் துபாயில் சொந்தத் தொழில், பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று உள்ளே நுழையும்போதே பெரியவர் சொல்லிவிட்டார். அவர்கள் எதற்காகக் கார் பார்க்கிறார்கள் என்று சுஜினுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

“மாப்ள, கொஞ்சம் சின்ன வண்டியாப் பாக்கலாமே. நம்ம ஊரு ரோட்டுக்கு இவ்வளவு பெருசு எதுக்கு?” என்று தயங்கியபடி கேட்டார் அசன் மைதீன். கடையின் கண்ணாடி அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மாமா, இதுல நீங்க தலையிடாதிய. கேட்டது கேட்டாச்சு, சரின்னு சொன்னது சொல்லியாச்சு. இப்பப் போயி கொறைச்சா நல்லாவா இருக்கும்?”

“இல்ல மாப்ள... ஊர்ல ஒரு மாதிரியாப் பேசுவாவளேன்னுதான்.”

“பேசுனாப் பேசட்டும்.”

பெரியவர் தலை குனிந்துகொண்டார். சுஜினுக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது.

அவன் தங்கை ஆன்லினுக்கு வந்த மாப்பிள்ளையும் இப்படித்தான் பேசினான். புன்னக்காயலில் படகு வைத்திருக்கும் அவர்கள் அப்பாவால் நகை போட முடிந்தது, கார் முடியவில்லை. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கே அறிவித்த பிறகு அந்தக் கல்யாணம் நின்றுபோனது. ஆன்லின் இன்னமும் ஊர்க் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்த்தான் பூசை பார்க்கிறாள்.

“ஏர்பேக் எத்தன இருக்கு?” யஹ்யா விடுவதாக இல்லை.

“ரெண்டுலயும் முன்னால, பின்னால, பக்கவாட்டுல எல்லாம் இருக்கு சார்.”

“தனியாப் போகும்போது வழியில டயர் பஞ்சராச்சுன்னா?”

“செடான்ல இருக்கது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுத டயரு. பைய ஓட்டிக் கடைக்குப் போயிரலாம்.”

தன் உயிர் என்றால் மட்டும் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டான் சுஜின்.

யஹ்யா ஸமீஹாவைப் பார்த்தான். “உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

“செடான்.”

“அது தரையோட கெடக்கே. மழைத்தண்ணி தேங்குனா என்ன செய்ய? எஸ்யூவின்னா உசரமா உக்காந்து ரோட்டைப் பாக்கலாம்.”

“வளைவுல எஸ்யூவி லேசா சாயுது. செடான் ரோட்டைக் கவ்விப் பிடிக்குது. பின்னால உக்காந்திருந்த எனக்கே தெரிஞ்சுது.”

அவன் ஒருமுறை செடானைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சுஜினிடம் கையை நீட்டினான். “செடான் சாவியத் தாங்க. இங்கன முற்றத்துக்குள்ளயே இன்னொரு சுத்து போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணிருவோம்.”

சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வெளியே போனார்கள். கண்ணாடி அறைக்குள் பெரியவரும் சுஜினும் மட்டும் மிஞ்சினார்கள். பெரியவரின் விரல்கள் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தன. சுஜினால் பொறுக்க முடியவில்லை. வியாபாரம் போனால் போகிறது.

“அண்ணாச்சி, விக்கிறவன் பேசக் கூடாததப் பேசுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. காரு குடுத்துத்தான் பொண்ணக் கட்டிக்குடுக்கணும்னா அந்தச் சம்பந்தமே வேண்டாம். இன்னைக்கு இதக் கேக்கவன் நாளைக்கு எதக் கேப்பானோ! எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு நடந்துச்சு. எந் தங்கச்சி பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்பமே நீங்க எந்திரிச்சுப் போனாலும் எனக்கு வருத்தம் இல்ல.”

அசன் மைதீன் அவனை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருப்பிய தம்பி. ஆனா மாப்ள வீட்டுல ஒரு குண்டூசி கூடக் கேக்கல. எங்க நிக்காஹ்ல மாப்ளதான் பொண்ணுக்கு மஹர் குடுக்கணும். என்ன வேணும்னு அவரு கேட்டாரு. நகைன்னு சொல்லுவான்னு பாத்தா, எம்மவ இப்படி ஒரு காரக் கேட்டுப்புட்டா! அந்த வெக்கத்துலதான் நான் நெளிஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

வெளியே கருநீலச் செடான் சீறிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் ஓர் அரைவட்டம் அடித்தது; ஸ்டீயரிங்கில் ஸமீஹா இருந்தாள், பக்கத்து இருக்கையில் யஹ்யா தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.