பேச்சியம்மாள், பி பாசிட்டிவ்

அம்மா பேச்சியம்மாளுக்கு ரத்தம் ஏற்ற நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்ததும் மாரிக்கனி எழுந்து நின்றாள். அந்த மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதியவளே அவள்தான். பெயரைத் தட்டினால் அது ரத்த வகையைச் சொல்லும். ஒரு பெயருக்கு ஒரே விடை. அதே பெயரில் இன்னொருத்தியைப் பதிவு செய்தால் முதலில் வந்தவளின் விடை சத்தமில்லாமல் அழிந்துபோகும். “சார், எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு பேச்சியம்மா இருக்கு. பேருக்குப் பதிலா நம்பர் வச்சுக்குவோம்” என்று எழுதும்போதே சொன்னாள். “இந்தக் காலத்துல யாரும்மா அப்படிப் பேர் வைக்கிறா?” என்று மேனேஜர் சிரித்தார். அவருக்கென்ன, அவர் தெருவில் எவருக்கும் குலசாமி பெயர் கிடையாது.

“சிஸ்டர், நில்லுங்க! திரையில என்ன குரூப்பு காட்டுது?”

“பேச்சியம்மாள், பி பாசிட்டிவ். காலையில நாந்தானம்மா பதிஞ்சேன். சரிதானே?”

சரிதான். மாரிக்கனிக்கு மூச்சு வந்தது.

“ஏட்டி, குத்தப்போறது எனக்குல்லா, உனக்கு ஏன் வேர்க்கு?” என்றாள் அம்மா. சிரிக்க வாயைத் திறந்த மாரிக்கனி சட்டென்று நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

“சிஸ்டர், இங்க வேற பேச்சியம்மா யாராவது இருக்காங்களா?”

“நேத்து ஒருத்தங்க வந்தாங்களே, அடுத்த ரூம்ல. இப்பத்தான் திரையைப் பாத்து அவங்களுக்கு ரத்தம் ஏத்திவிட்டுட்டு வாரேன்.”

மாரிக்கனி ஓடினாள். அவள் கதவைத் தொடுவதற்குள், உள்ளே யாரோ ஒரு மகள் “எம்மா… எம்மா…” என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.