படிவத்தில் இல்லாத பதில்

தேர்வின் இருபது நிமிடத்தில் பதினொரு நிமிடம் போயிருந்தது. சிறுமி அகிசி ஒரு கேள்விக்கும் தலையசைக்கவில்லை.

ஆசிரியை உனைசி படிவத்தைப் பார்த்தாள். தலை மேலும் கீழும் அசைந்தால் ஆம். பக்கவாட்டில் அசைந்தால் இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் கடைசிக் கட்டம்: பதில் இல்லை.

அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் பேசும் கருவி கிடையாது. கருவி இல்லாமல் அகிசிக்கு இந்தப் பள்ளியில் இடமும் கிடையாது.

அகிசிக்கு வயது பத்து. கழுத்து நிற்காது, கை சொன்னதைக் கேட்காது, பேச்சு வராது. ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்ததில்லை.

தலைநகர் சுவாவிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஷலீன், சுவரோரம் கடிகாரத்தோடு நின்றாள். பேச முடியாத பிள்ளைகளை மதிப்பிட ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. இன்று தேர்வு, ஆசிரியர் ஒருவருக்கு ஒரு பிள்ளை. கருவிப் பெட்டி மேசைமேல் பூட்டிக் கிடந்தது. முதல் நாளே சொல்லிவிட்டாள்: "காலைப் பாக்காம செருப்பு வாங்குறவங்க என்கிட்ட பெயில்."

பட்டியலில் அகிசியின் பெயரை உனைசியேதான் கேட்டு வாங்கியிருந்தாள்.

"ரெண்டு மணிக்கு பஸ் மேடம்," என்றாள் அகிசியின் அம்மா. "அதுக்குள்ள பேப்பரைப் படிச்சு முடிச்சிருவீங்களா?"

சுருக்கென்றது.

உனைசி படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, சக்கர நாற்காலியின் முன்னால் பாயில் மண்டியிட்டாள். இப்போது அகிசியின் முகம் நேர் எதிரே.

"ரோரோக் கீரை பிடிக்குமா?"

கழுத்தை அல்ல, முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

புருவம் ஏறி இறங்கியது.

இந்தத் தீவில் ஆம் என்று சொல்ல யார் தலையை ஆட்டுகிறார்கள்? கடையில், பஸ்ஸில், சர்ச்சில் எல்லோரும் புருவத்தைத்தான் தூக்குகிறார்கள். காலையில் டீ வேண்டுமா என்று கேட்டபோது உனைசியும் அப்படித்தான் பதில் சொன்னாள். பேனா கைக்கு வந்ததும் படிவத்தின் ஆளாகிவிட்டாள்.

"உன் பேரு லுய்சாவா?" புருவம் அசையவில்லை.

"அகிசியா?" ஏறியது.

பத்துக் கேள்விகள். பத்தும் சரி.

"அம்மா சர்ச்சுல நல்லாப் பாடுவாங்களா?"

புருவம் கல்லாய் நின்றது. உதட்டோரம் மட்டும் மெல்லக் கோணியது.

"வீட்டுக்கு வாடி, இருக்கு உனக்கு," என்ற அம்மாவின் குரல் பாதியில் உடைந்தது. "புருவத்துல பேசுவான்னு எனக்குத் தெரியும் மேடம். என்னை யாரும் கேக்கலையே."

ஷலீன் பெட்டியைத் திறந்தாள். நெற்றியில் ஒட்டும் சிறு பொத்தான் ஒன்றை எடுத்தாள். புருவம் ஏறினால் அது பேசும் பலகையை இயக்கும்.

"நீங்க பாஸ். கடைசிப் பக்கத்தை மட்டும் நிரப்பிடுங்க."

கடைசிப் பக்கத்தில் நான்கே வரிகள். முன்பு மதிப்பீடு நடந்ததா? எப்போது? முடிவு என்ன? செய்தவர் யார்?

ஷலீன் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "நாலாவதை விட்டுடுங்க. பேரு போட்டா அந்த ஆளுக்கு விசாரணை வரும். இனிமே எந்தப் பிள்ளையையும் மதிப்பிட விடமாட்டாங்க. பாவம், யாரோ."

உனைசி எழுதினாள். நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன். பதில் இல்லை.

பிறகு நான்காவது வரியில், அன்று டிக் போட்ட அதே கையால், பேனாவைத் தூக்காமல், தன் பெயரையே எழுதினாள்.