பகலில் சாத்திய கதவு

"இன்னா விக்டோரியாக்கா, ஊட்டுக்கு சீல் வெக்கிறியா?"

கீழே நின்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் செண்பகம். ஏணியில் நின்ற விக்டோரியா, சுவருக்கும் சிமென்ட் ஷீட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஃபோம் துண்டைத் திணித்துக்கொண்டே சொன்னாள்.

"வெளிச்சம் உள்ள பூரக் கூடாது. சத்தமும்தான்."

அது மருமகள் ஸ்நேகாவின் அறை. மகன் ஸ்டீவனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. பொங்கலுக்கு அப்புறம் அவனைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

ஜன்னலை மூடினாள் விக்டோரியா. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தாள். காலையில் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பாள். அதுவரை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள், காவல் மாதிரி.

"ராத்திரி பூரா தேர்வாய் கண்டிகை கம்பெனில நிக்கிற பொண்ணு," என்றாள் செண்பகம், குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த அருணாவிடம். "புருசன் இல்லாத நேரமாப் பாத்து, பகல்ல உள்ள போட்டு வேக வெக்கிறா. இந்த வெயில்ல ஷீட்டுக்குக் கீழ மனுசன் இருக்க முடியுமா?"

மே மாதத்து மத்தியானம் ஒன்றில் செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை; விக்டோரியாவின் வாசலுக்கே போய்விட்டாள்.

"நவுருக்கா, நான் அவளப் பாக்கணும்."

கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முகத்து வேர்வை அடங்கியது. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் எங்கோ போய்விட்டது. தலைக்கு மேல் வெள்ளிக் காகிதம் ஒட்டிய தெர்மாகோல் பலகைகள், இடுக்கே தெரியாமல். வேப்பமர நிழல் பக்கம் சுவரின் அடியில் செங்கல் எடுத்து, காற்றுக்கு வலை கட்டிய துவாரம். கட்டிலில் கம்பெனி யூனிஃபார்மோடு ஸ்நேகா. அசையாத தூக்கம்.

இந்தத் தெருவில், இந்த வெயிலில், இப்படி ஒரு தூக்கமா? செண்பகம் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏசியாக்கா?" குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

"ஏசிக்கு எங்க போறது? நான் சாயங்காலம் பெருக்கற கம்பெனில குளிர் ரூமுக்குப் பலகை செய்யறாங்க. ஒடஞ்சத கேட்டு வாங்கியாந்து ஒட்னேன். போன மாசம் இவ தூக்கக் கலக்கத்துல மிஷின்ல கைய வுட்டுட்டா. பக்கத்துல இருந்தவங்க இழுத்துட்டாங்க."

"நீ வெளிய ஒக்காந்துக்கினு இருக்கறது?"

"யாராவது வந்து கதவத் தட்டுவாங்க இல்ல."

செண்பகத்துக்குக் கண் கலங்கியது. "ஸ்டீவன் வந்து பாத்தான்னா பூரிச்சுப் போவான்க்கா."

"அவன் வரமாட்டான். மீஞ்சூர்ல வேற ஒருத்தியோட குடும்பம் நடத்தறான்."

செண்பகம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஸ்நேகா... அவ அம்மா ஊட்டுக்குப் போலியா?"

"பெட்டி கட்னா. நான்தான் வுடல." விக்டோரியா ஸ்டூலை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தப்பு பண்ணவன் என் புள்ள. அவனத்தான் வெளிய அனுப்சேன். இது அவ ஊடு."