இடையில் நாலு படம்

"பாருய்யா, மறுபடியும் சீரியல் மாதிரியே ஓடுது! இதுவா சினிமா?"

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் டிவி மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையில் கதாநாயகன் எண்ணெய் தடவிய தரையில் போவது போல வழுக்கிக்கொண்டு ஓடினான். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த சண்டை, யாரோ வீட்டு விசேஷ வீடியோ மாதிரி இருந்தது.

ஒரே மாதத்தில் இது மூன்றாவது புகார். இன்றைக்கும் சரியாகவில்லை என்றால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். போன இரண்டு தடவையும் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று உயிரை எடுத்திருந்தார்.

நல்லவேளையாகக் கீழே ஹாரன் அலறியது. "யார் காருங்க இது? வழியை மறிச்சு நிக்குது!" என்று குரல் வந்தது. வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சாவிக்கொத்தோடு இறங்கினார். வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, சார் என்னையும் சேர்த்துப் பூட்டிட்டுப் போறாரு?"

"பழக்கதோஷம்" என்றாள் சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி.

"உள்ளேருந்து தொறங்களேன்."

"சாவி ஒண்ணுதான். அவர்கிட்ட இருக்கு."

"ஒரு போனாவது போட்டுச் சொல்லுங்க. எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி."

"போனும் ஒண்ணுதான்."

நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தான். டிவி செட்டிங்ஸில் நாலைந்து பக்கம் தள்ளி உள்ளே போனால், போன தடவை அவன் அணைத்துவிட்டுப் போன அதே ஆப்ஷன் மறுபடியும் உயிரோடு இருந்தது. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தானா எப்படிம்மா ஆன் ஆகும்? வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்ல. நாங்க ரெண்டு பேர்தான்."

"சினிமாங்கறது செகண்டுக்கு இருபத்துநாலு படம்மா. இந்த டிவி செகண்டுக்கு நூத்திருபது தடவை காட்டும். இதை ஆன் பண்ணிட்டா..."

"ரெண்டு படத்துக்கு இடையில நாலு படத்தை டிவியே கற்பனை பண்ணிப் போட்டுக்கும்" என்று அவள் முடித்தாள். "யாரும் எடுக்காத படம். பார்க்கிறவங்களுக்கு எல்லாம் வழவழன்னு நல்லா இருக்கிற மாதிரி தெரியும்."

மெக்கானிக் வாயைப் பிளந்தான். "அட! எங்க கம்பெனியிலயே பாதிப் பேருக்கு இது தெரியாதும்மா."

"டிவியோட வந்த புத்தகத்துல இருந்துச்சு. பொழுது போகணுமே."

அவன் ஆப்ஷனை அணைத்தான். கதாநாயகன் மறுபடியும் கதாநாயகன் மாதிரி ஓடினான்.

"சரியாயிருச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. இன்னொரு புகார் வந்தா என் பிழைப்பே போயிரும்."

அவள் டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். "இனிமே வராதுண்ணா."

"அது எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

கீழே கார் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவன் அருகில் வந்து கையை நீட்டினாள்.

"மூணு தடவையும் ஆன் பண்ணினது நான்தான். டிவி கெட்டாத்தான் இந்த வீட்டுக்குள்ள ஒரு மனுஷனை விடுவாரு. சீக்கிரம் உங்க போனைக் குடுங்கண்ணா, எங்க அக்காவைக் கூப்பிடணும்!"