புது மூடி

ஒரு பழைய பிக்கப் வண்டியின் பெட்ரோல் டேங்குக்குப் புது மூடி வந்தது. "இனிமே ஒரு சொட்டு வெளியே போகாது, வாசனைகூடப் போகாது" என்றது மூடி. டேங்க் எதுவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வண்டி கொஞ்ச தூரம் ஓடுவதும் நடுவழியில் நின்றுபோவதுமாக இருந்தது.

"வயிறு நிறைய வச்சிக்கிட்டு எனக்கு ஊத்த மாட்டேங்கிறியே" என்று இன்ஜின் டேங்கைத் திட்டியது. டேங்க் அதற்கும் பேசவில்லை. பெட்ரோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் அதன் வயிறு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டிக்காரர் பரமானந்தம் பம்பை மாற்றிப் பார்த்தார், குழாயை மாற்றிப் பார்த்தார். வெயிலில் தள்ளித் தள்ளி அலுத்துப்போய், "காயலான் கடைக்கே போட்டுடலாம் பாய்" என்று மெக்கானிக் யாகூப்பிடம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

யாகூப் எதற்கும் பார்ப்போம் என்று மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அதையே திரும்ப மாட்டினார்.

"நல்லா இருந்த என்னைக் கெடுத்துட்டாங்க" என்று மூடி முனகியது.

மேடு ஏறும்போது இன்ஜின் மெதுவாகக் கேட்டது: "இவ்வளவு கஷ்டத்தை உள்ளே வச்சிக்கிட்டு, இத்தனை நாளா ஏன் மூச்சே விடல?"

"விட முடிஞ்சாத்தானே" என்றது டேங்க்.